ஐம்பது சோடி

இயந்திரத்துக்கு என் பெருவிரலைத் தெரியவில்லை.
மூன்று தரம் வைத்தேன், மூன்று தரமும் சிவப்பு.
ஊதி, பாவாடையில் துடைத்து, நாலாம் தரம்.
இப்படி ஒரு ஆள் இல்லை என்றது, சிங்களத்தில்.
எனக்குப் பின்னால் வரிசை
பேலியகொடைப் பாலத்து லொறிகள் மாதிரி நீள்கிறது.
"அக்கே, கையைக் காட்டுங்க" என்றான் மேற்பார்வை ரொஷேன்.
காட்டினேன்.
அவன் பார்த்தது சுவர் மணிக்கூட்டை.
அரைநாள் வெட்டு.

ரப்பர் கையுறைக் களஞ்சியத்தில் எனக்கு வேலை.
ஐம்பது சோடிக்கு ஒரு பெட்டி.
பெட்டியில் ஒரு படம்:
பனி கொட்டும் ஏதோ ஊரில் தாடிக்காரன் ஒருவன்
மஞ்சள் கையுறையோடு
ஒரேயொரு விறகுக் கட்டையைத் தூக்கிச் சிரிக்கிறான்,
கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி.

செவ்வாயும் வெள்ளியும் இரவு இரண்டு மணிக்கு
கிராண்ட்பாஸில், பேக்கரிக்குப் பின்னால்,
ருவன்வெல்லையிலிருந்து லொறி வரும்.
காஸ் இல்லாத வருஷம் முதலாளி
பழைய போறணையைத் திரும்ப மூட்டினார்.
காஸ் வந்த பிறகும் அணைக்கவில்லை.
மேலே நின்று எறிய எபனேசர்,
கீழே பிடிக்க நான்,
அடுக்க முனாஸ்.
காசும், ஆளுக்கு ஒரு றாத்தல் பாணும்.

எல்லாம் ரப்பர் கட்டை. பால் வற்றியதென்று வெட்டிய மரம்.
அதன் சிலாம்புக்கு உள்ளங்கையின் நிறம்,
ஏறுவது தெரியாது.
அடுத்த நாள் சோற்றைப் பிசையும்போது
புளி பட்டால்தான் எங்கே என்று சொல்லும்.
பக்கத்து அறை ஜெசிந்தா போன் வெளிச்சத்தில்
ஊசியால் கிண்டி எடுத்து
மாஜரின் மூடியில் வரிசையாய் வைப்பாள்.
போன கிழமை பதினொன்று.
"இன்னும் ஒன்று இருந்தால் டசினாய் விற்கலாம்" என்றாள்.

பெருவிரலைக் கிழித்தது சிலாம்பு இல்லை.
கட்டையின் வயிற்றுக்குள் ஒரு கம்பி.
பால் சிரட்டையைத் தாங்க எப்போதோ யாரோ கட்டியது;
மரம் தடித்து அதை விழுங்கியிருக்கிறது.
நான் கட்டையைப் பிடித்தேன், கம்பி என்னைப் பிடித்தது.
முனாஸ் கோதுமை மாவை அள்ளி அப்பினான்.
மா சிவந்து களியானது.
பெரியாஸ்பத்திரியில் ஏற்பு ஊசி, நாலு தையல்.
"எதில் வெட்டியது?"
"மரத்தில்."
"மரம் வெட்டுமா?" என்றாள் தாதி,
எழுதியும் கொண்டாள்.
தையல் பிரித்தபோது
கட்டம்போட்ட துணியைக் கோணல் தைத்த மாதிரி
ரேகைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றன.

ஒரு சோடி எடுத்தால் என்ன என்று நினைக்காமலில்லை.
வாசலில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள்,
உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள்.
விரல் ஒட்டிப்போன கழிவுச் சோடியைக்கூட
எண்ணித்தான் அரைக்கப் போடுகிறார்கள்.
நாற்பத்தொன்பதோடு நிற்கும் பெட்டியைத்
தராசு உடனே கண்டுபிடித்துவிடும்,
என்னைக் கண்டுபிடிக்காத அதே கட்டடத்தில்.

முனாஸ் வீட்டிலிருந்து பழைய காலுறை கொண்டுவந்தான்.
கையில் மாட்டிப் பார்த்தேன்.
முதல் கட்டையே வழுக்கிப் பாதத்தில் விழுந்தது.
"வெறுங்கைதான் பிடிக்கும்" என்றான் எபனேசர்.
அவனுக்கு இரண்டு நகம் இல்லை.

திங்கட்கிழமை ரொஷேன் கூப்பிட்டு
இயந்திரத்துக்கு வேறு விரல் கொடுக்கச் சொன்னான்.
ஒவ்வொன்றாய் வைத்தோம்.
வலக்கை முழுக்கச் சிவப்பு.
இடக்கையில் நாலு சிவப்பு,
சின்னவிரல் மட்டும் பச்சை.
"இதைப் பத்திரமா வைங்க, அக்கே."

அதனால் இப்போது
அந்த ஒரு விரலைத் தனியே நீட்டிக்கொண்டு
மற்ற ஒன்பதாலும் விறகு பிடிக்கிறேன்.
லொறி மேலிருந்து எபனேசர் கத்துகிறான்:
"என்னக்கா, வோட்டுப் போட்டுட்டா வாறீங்க?"
சிரித்தால் பிடி தவறும்.
"போடு" என்கிறேன்.